ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பலகை வேண்டும்!

காலை 6 மணி. ஓசூர் சிப்காட்டில் முதல் ஷிப்டு தொடங்குகிறது. பனி இன்னும் விலகவில்லை. மோட்டார் சைக்கிளிலும், கம்பெனி பஸ்சிலும் தொழிலாளர்கள் வந்து இறங்குகிறார்கள்.

தொழிற்சாலை வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. "விபத்து இல்லாத நாட்கள்" என்று அதில் எழுதி இருக்கிறது. பக்கத்தில் ஓர் எண். இன்று 212 என்று வைத்துக்கொள்வோம். நாளை அது 213 ஆகும்.

யாராவது ஒருவர் எந்திரத்தில் விரலை நசுக்கிக்கொண்டால், மறுநாள் அந்த இடத்தில் பூஜ்யம் இருக்கும். மானேஜர் முதல் கூட்டுகிறவர் வரை எல்லோரும் அதைப் பார்ப்பார்கள். "என்ன நடந்தது? ஏன் நடந்தது?" என்று கேட்பார்கள்.

பல தொழிற்சாலைகளில் இந்தப் பலகையைப் பார்க்கலாம். அதைப் பார்த்துப் பழகியவர்கள் நம் ஊர்க்காரர்கள்.

சரி. அந்தத் தொழிலாளியின் தாயாரோ, மனைவியோ படுத்திருக்கும் ஆஸ்பத்திரியின் வாசலில் இப்படி ஒரு பலகை உண்டா?

"சென்ற மாதம் இங்கே நடந்த ஆபரேஷன்கள் இத்தனை. அவர்களில் புண் சீழ் பிடித்தவர்கள் இத்தனை பேர்" என்று எழுதிய பலகையை நீங்கள் எங்காவது பார்த்தது உண்டா?

நான் பார்த்தது இல்லை. அந்தப் பலகை வேண்டும். அதைக் கேட்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

அத்தை கேட்ட கேள்வி

என் அத்தைக்கு கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்குப் பின்னால் மாந்தோப்பு. ஒரு நாள் துணி துவைக்கும் கல் அருகே வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்துவிட்டது.

ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எலும்பில் தகடு வைத்து ஆபரேஷன் செய்தார்கள். டாக்டர் கெட்டிக்காரர். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. "10 நாளில் வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள்.

ஆறாம் நாள் அத்தைக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. தையல் போட்ட இடம் சிவந்தது. பிறகு சீழ் கட்டியது.

அத்தை என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏன்டா தம்பி! கால் உடைஞ்சுதானே இங்கே வந்தேன்? இந்தக் காய்ச்சல் எங்கிருந்து வந்தது?"

அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் பதில் என் கண் முன்னால்தான் இருந்தது.

அந்த வார்டில் 30 பேர் படுத்திருந்தார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு நர்சு. நல்ல பெண். முகம் சுளிக்காமல் வேலை செய்வாள். அவள் கையில் ரப்பர் உறை போட்டிருந்தாள். அதே உறையோடு ஒரு கட்டிலில் புண்ணுக்குக் கட்டுப் போட்டாள். அதே உறையோடு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

உறை அவள் கையைக் காப்பாற்றியது. அத்தையின் காலைக் காப்பாற்றவில்லை.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கை கழுவும் தொட்டி தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது. குழாயில் பாதி நேரம் தண்ணீர் வராது. உறை வைக்கும் பெட்டியும் மதியத்துக்குள் காலியாகிவிடும். அவள் என்ன செய்வாள்?

அத்தைக்கு மறுபடி ஆபரேஷன் நடந்தது. 40 நாள் அங்கேயே கிடந்தார். இரண்டு கறவை மாடுகளை விற்றோம். சங்கிலி அடகுக்குப் போனது. இன்று அத்தை கோல் ஊன்றி நடக்கிறார். அந்த மட்டும் பிழைத்தார்.

அது எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். இது எந்த ஆஸ்பத்திரியிலும் நடக்கக்கூடியது.

100-க்கு 15 பேர்

நான் சொல்வது மிகை அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2022-ம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டது.

ஆஸ்பத்திரியில் தங்கி சிகிச்சை பெறும் 100 பேரில், பணக்கார நாடுகளில் 7 பேருக்கு அங்கேயே புதிதாக ஒரு நோய் தொற்றுகிறது. நம்மைப் போன்ற நாடுகளில் 15 பேருக்குத் தொற்றுகிறது. அப்படித் தொற்றியவர்களில் 10 பேருக்கு ஒருவர் இறக்கிறார். அறிக்கை சொல்வது இது.

அதே அறிக்கை இன்னொன்றும் சொல்கிறது. கை சுத்தத்தையும், அதிகச் செலவு இல்லாத மற்ற வழிகளையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தால் இந்தத் தொற்றில் 100-க்கு 70-ஐத் தடுத்துவிடலாம்!

அப்படி என்றால், இது தலைவிதி அல்ல. கடவுள் சோதனையும் அல்ல. தடுக்கக்கூடிய விபத்து. தொழிற்சாலையில் விரல் நசுங்குவது போலத்தான்.

கை கழுவச் சொன்ன டாக்டர்

வியன்னா நகரம். ஆண்டு 1847. அங்கே ஒரு பெரிய பிரசவ ஆஸ்பத்திரி. அதில் இரண்டு வார்டுகள். ஒன்றில் டாக்டர்கள் பிரசவம் பார்த்தார்கள். மற்றதில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள்.

டாக்டர்கள் பார்த்த வார்டில்தான் தாய்மார்கள் அதிகமாகச் செத்தார்கள்! அந்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மட்டும் 100-க்கு 18 பேர்.

இது ஏன் என்று செம்மல்வைஸ் என்ற இளம் டாக்டர் யோசித்தார். டாக்டர்கள் பிணத்தை அறுத்துப் படித்துவிட்டு, அதே கையோடு பிரசவம் பார்க்க வருவதைக் கவனித்தார். குளோரின் கலந்த நீரில் கை கழுவிய பிறகே வார்டுக்குள் நுழைய வேண்டும் என்று கட்டளை போட்டார்.

ஜூன் மாதத்தில் சாவு 100-க்கு 2 ஆகக் குறைந்தது!

பெரிய டாக்டர்கள் அவரைப் பாராட்டினார்களா? இல்லை. "எங்கள் கை அழுக்கு என்கிறாயா?" என்று கோபப்பட்டார்கள். அவர் மனம் உடைந்தார். 1865-ல் ஒரு மனநோய் விடுதியில், புண் சீழ் வைத்து இறந்தார். எந்த நோயைத் தடுக்கப் போராடினாரோ, அதே வகை நோய் அவரைக் கொண்டுபோயிற்று.

ஒன்றைக் கவனியுங்கள். செம்மல்வைசிடம் பெரிய எந்திரம் எதுவும் இல்லை. கிருமியை அவர் கண்ணால் பார்த்ததும் இல்லை. அவர் செய்தது எண்ணிப் பார்த்தது. எந்த வார்டில் எத்தனை பேர் என்று எண்ணினார். எண்ணியதால் உண்மை வெளியே வந்தது.

கட்டிலுக்கே வந்த மருந்து

இப்போது புதிய சாதனங்களுக்கு வருவோம். இவற்றில் சில விலை குறைவு. சில விலை அதிகம்.

முதலாவது, கையில் தேய்த்துக்கொள்ளும் சாராய மருந்து. "இதில் என்ன புதுமை? கொரோனா காலத்தில் எல்லா வாசலிலும் இருந்ததே!" என்பீர்கள். ஆம். 2020-ல் மளிகைக் கடையில்கூட இருந்தது. இன்று பல இடங்களில் அந்தப் புட்டி காலி.

சோப்புப் போட்டு முறைப்படி கை கழுவ 40 முதல் 60 விநாடி ஆகும். தொட்டிவரை நடந்து போய் வர வேண்டும். சாராய மருந்தைத் தேய்க்க 20 முதல் 30 விநாடி போதும். நடக்க வேண்டியதும் இல்லை. புட்டி கட்டிலின் காலடியிலேயே தொங்கும்.

சுவிட்சர்லாந்தில் ஜெனீவா நகர ஆஸ்பத்திரியில் இதைச் செய்து பார்த்தார்கள். டாக்டர் டிடியே பித்தே என்பவர் முன்நின்று செய்தார். 1994-ல் அங்கே 100 நோயாளிகளில் சுமார் 17 பேருக்கு ஆஸ்பத்திரித் தொற்று இருந்தது. 1998-ல் அது 10 ஆகக் குறைந்தது.

இந்த மருந்தை ஆஸ்பத்திரியிலேயே தயாரிக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் எல்லா நாடுகளுக்கும் கொடுத்திருக்கிறது. சாராயம், கிளிசரின், சிறிது ஹைட்ரஜன் பெராக்சைடு, கொதித்து ஆறிய தண்ணீர். அவ்வளவுதான். ஆனால் கையில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கோ, ரத்தமோ இருந்தால் சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். அதற்குக் குழாயில் தண்ணீர் வர வேண்டும்.

குக்கர் சொல்லும் பாடம்

உங்கள் வீட்டுக் குக்கர் ஏன் சீக்கிரம் வேக வைக்கிறது? ஆவியை அடைத்து வைப்பதால் உள்ளே சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறுகிறது.

ஆபரேஷன் கத்தியைச் சுத்தம் செய்யும் 'ஆட்டோகிளேவ்' என்ற எந்திரமும் ஒரு பெரிய குக்கர்தான். 1879-ல் பிரான்சு நாட்டு சாம்பர்லாந்து என்பவர் செய்தது. 121 டிகிரி ஆவியில் 15 நிமிடம் இருந்தால் எவ்வளவு முரட்டுக் கிருமியும் சாகும்.

ஆனால் வீட்டுக் குக்கரில் வெந்ததா என்று பருப்பை நசுக்கிப் பார்க்கலாம். கத்தியை எப்படி நசுக்கிப் பார்ப்பது? அதற்கும் வழி உண்டு. சுற்றிக் கட்டும் துணியில் ஒரு நாடா ஒட்டுவார்கள். சூடு பட்டால் அதில் கறுப்புக் கோடு தெரியும்.

அதுவும் போதாது. உள்ளே ஆவி சரியாகப் பரவியதா என்று அறிய, சூட்டைத் தாங்கும் கிருமி வித்துக்களை ஒரு சிறு குப்பியில் வைத்து எந்திரத்துக்குள் அனுப்புவார்கள். மனிதனுக்குத் தீங்கு செய்யாத கிருமி அது. அதுவே செத்திருந்தால் மற்றவையும் செத்திருக்கும். முன்பு இதன் முடிவு தெரிய நாள் கணக்கில் காத்திருந்தார்கள். இன்று வந்திருக்கும் கருவிகளில் சில, ஒரு மணி நேரத்துக்குள் சொல்லிவிடுகின்றன.

சூடு தாங்காத பிளாஸ்டிக் கருவிகளுக்கு வேறு எந்திரம் இருக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு வாயுவைக்கொண்டு குறைந்த சூட்டிலேயே சுத்தம் செய்கிறது.

ஓசூர் ரோஜாத் தோட்டக்காரருக்கு இது எளிதில் புரியும். நோய் பட்ட செடியை வெட்டிய கத்தரியை அவர் மருந்தில் நனைக்காமல் அடுத்த செடிக்குக் கொண்டுபோகமாட்டார். பூவை வைக்கும் வாளித் தண்ணீர் அழுகினால் பூ வாடிவிடும் என்று அவருக்குத் தெரியும். ரோஜாவுக்குக் கிடைக்கும் அந்தக் கவனிப்பு மனிதனுக்கும் கிடைக்க வேண்டாமா?

ஊதா விளக்கு எந்திரம்

இப்போது பெரிய ஆஸ்பத்திரிகளில் பேசப்படும் அதிசயம் இது. சக்கரம் வைத்த ஒரு கம்பம். அதில் புற ஊதா விளக்குகள். நோயாளி வீட்டுக்குப் போன பிறகு, காலி அறையில் இதை நிறுத்திக் கதவைச் சாத்துவார்கள். விளக்கு எரியும். கட்டில், மேஜை, சுவர் எல்லாவற்றிலும் உள்ள கிருமிகள் சாகும். உள்ளே ஆள் இருக்கக்கூடாது. கண்ணையும் தோலையும் அந்த ஒளி கெடுக்கும்.

இது பலன் தருமா? தரும். அமெரிக்காவில் 9 ஆஸ்பத்திரிகளில் சோதித்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமாகக் கழுவித் துடைப்பதோடு இந்த விளக்கையும் சேர்த்தபோது, அடுத்து அந்த அறைக்கு வந்த நோயாளிகளுக்கு முரட்டுக் கிருமிகள் தொற்றுவது 100-க்கு 30 பங்கு குறைந்தது.

ஆனால் ஒன்று. இந்த ஒளி நிழலுக்குள் நுழையாது. அழுக்குப் படிந்த இடத்தில் வேலை செய்யாது. முதலில் ஒருவர் துணியும் மருந்தும் கொண்டு துடைக்க வேண்டும். பிறகுதான் விளக்கு.

ஆகவே, குழாயில் தண்ணீர் வராத ஆஸ்பத்திரி இந்த எந்திரத்தை வாங்கி, வாசலில் நிறுத்தி, படம் பிடித்துக்கொண்டால் என்ன பயன்? அஸ்திவாரம் இல்லாத வீட்டுக்கு மாடி கட்டுவது போலத்தான்! முதலில் தண்ணீர். பிறகு கை மருந்து. பிறகு ஆவி எந்திரமும் அதைச் சோதிக்கும் குப்பியும். அதற்குப் பிறகு ஊதா விளக்கு வரட்டும். இதுவே சரியான வரிசை.

5 வரிச் சீட்டு

1935-ல் அமெரிக்காவில் போயிங் கம்பெனி செய்த ஒரு பெரிய விமானம், சோதனை ஓட்டத்திலேயே விழுந்து நொறுங்கியது. ஓட்டியவர் கைதேர்ந்தவர். ஆனால் கிளம்பும் முன் ஒரு பூட்டை விடுவிக்க மறந்துவிட்டார். அதன் பிறகு, விமானம் ஓட்டுகிறவர்கள் ஒரு சீட்டைக் கையில் வைத்து ஒவ்வொன்றாகச் சரி பார்க்கத் தொடங்கினார்கள்.

நம் ஊர்த் தொழிலாளர்களுக்கு இந்தச் சீட்டு புதிது அல்ல. லாரியாகட்டும், மோட்டார் சைக்கிளாகட்டும், கைக்கடிகாரமாகட்டும், வாசலைத் தாண்டும் முன் சீட்டில் 'டிக்' விழ வேண்டும்.

இதே சீட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவர் டாக்டர் பீட்டர் பிரானவோஸ்ட். ரத்தக் குழாயில் பெரிய ஊசிக் குழாய் போடும்போது செய்ய வேண்டியவை 5 என்றார். கை கழுவு. உடலை முழுவதும் மூடு. மருந்தால் தோலைத் துடை. தொடை இடுக்கில் குழாய் போடுவதை முடிந்தவரை தவிர். தேவை முடிந்ததும் குழாயை எடுத்துவிடு.

இந்த 5 வரிகளும் எல்லா டாக்டர்களுக்கும் தெரிந்தவைதான். ஆனால் தெரிவது வேறு. ஒவ்வொரு முறையும் செய்வது வேறு.

மிச்சிகன் மாநிலத்து ஆஸ்பத்திரிகளின் 103 தீவிர சிகிச்சை வார்டுகளில் இதைக் கடைப்பிடித்தார்கள். குழாய் வழியாக ரத்தத்தில் தொற்று ஏற்படுவது 100-க்கு 66 பங்குவரை குறைந்ததாக 2006-ல் எழுதினார்கள்.

டாக்டர் ஒரு வரியை விட்டுவிட்டால் நர்சு "நிறுத்துங்கள்" என்று சொல்லலாம். அதற்கு அவளுக்கு உரிமை கொடுத்தார்கள். தொழிற்சாலையிலும் ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் எந்திரத்தை நிறுத்தலாம் அல்லவா?

மதுரை காட்டிய வழி

"இதெல்லாம் வெள்ளைக்கார நாட்டுக் கதை. நமக்கு ஒத்து வருமா?" என்று கேட்கலாம். மதுரைக்குப் போவோம்.

1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். இன்று அது லட்சக்கணக்கான கண்புரை ஆபரேஷன்களைச் செய்கிறது. கண்ணுக்குள் கிருமி புகுந்தால் பார்வையே போய்விடும். ஆகவே அவர்கள் ஒவ்வொரு தொற்றையும் எண்ணிக் குறித்து வைத்தார்கள்.

ஆபரேஷன் முடியும் நேரத்தில் கண்ணுக்குள் ஒரு சொட்டளவு கிருமிக்கொல்லி மருந்தைச் செலுத்தினால் என்ன என்று பார்த்தார்கள். 6 லட்சத்துக்கு மேற்பட்ட ஆபரேஷன்களின் கணக்கை 2017-ல் வெளியிட்டார்கள்.

மருந்து செலுத்தாதபோது, லட்சம் பேரில் சுமார் 70 பேருக்குத் தொற்று. மருந்து செலுத்திய பிறகு, லட்சம் பேரில் சுமார் 20 பேருக்குத்தான்!

தங்கள் தொற்றுக் கணக்கைத் தாங்களே உலகத்துக்குச் சொன்னார்கள். அதனால் அவர்கள் பெயர் கெட்டதா? இல்லை. பெயர் உயர்ந்தது. வெளிநாட்டு டாக்டர்களும் அந்தக் கணக்கைப் படித்தார்கள்.

எல்லைக்கோடு கிருமிக்குத் தெரியாது

நம் பகுதிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நாம் இரண்டு மாநிலங்களின் எல்லையில் இருக்கிறோம். ஓசூரில் இருந்து பெங்களூர் சுமார் 40 கிலோ மீட்டர். நோய் முற்றினால் ஆம்புலன்ஸ் அந்தப் பக்கம் பறக்கிறது. அங்கே பல நாள் இருந்துவிட்டு, மிச்ச சிகிச்சைக்கு இந்தப் பக்கம் திரும்புகிறார்கள்.

நோயாளியோடு கிருமியும் பயணம் செய்கிறது. கெலவரப்பள்ளி அணைக்கு நுரை எப்படி வந்தது? மேலே இருந்து தென்பெண்ணையில் மிதந்து வந்தது. எல்லையில் நின்று யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கிருமியும் அப்படித்தான்.

அதிலும் சில கிருமிகள் மருந்துக்கே அடங்காதவை. 2010-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, உயர்ந்த மருந்துகளையும் செல்லாக்காசாக்கும் 'என்.டி.எம்-1' என்ற தன்மை கொண்ட கிருமிகள் சென்னையிலும் ஹரியானாவிலும் இருப்பதைக் காட்டியது. 2012-ல் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, இதற்கு என்ன செய்வது என்று 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன.

ஆகவே, ஓர் ஆஸ்பத்திரியில் இருந்து இன்னோர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் சீட்டில் ஒரு வரி எழுத வேண்டும். "இவருக்கு இன்ன கிருமி இருந்தது. இன்ன மருந்துக்கு அடங்கவில்லை." தமிழ்நாட்டு ஆஸ்பத்திரியானாலும், கர்நாடக ஆஸ்பத்திரியானாலும் இந்த வரி கட்டாயம் வேண்டும். ஒரு வரி எழுத மை எவ்வளவு செலவாகும்?

பலகையில் என்ன எழுதுவது?

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன்.

கிருஷ்ணகிரிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. 2022 ஜனவரி 12-ந்தேதி பிரதமர் திறந்து வைத்த 11 கல்லூரிகளில் இதுவும் ஒன்று. ஓசூரில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரிகளும் பல உள்ளன. எல்லா வாசலிலும் ஒரே மாதிரிப் பலகை வைக்கட்டும். அதில் 3 வரி போதும்.

ஒன்று: சென்ற மாதம் நடந்த ஆபரேஷன்கள் எத்தனை? சீழ் பிடித்தவர்கள் எத்தனை பேர்?

இரண்டு: ரத்தக் குழாய், மூத்திரக் குழாய் போட்டவர்களில் எத்தனை பேருக்குத் தொற்று வந்தது?

மூன்று: கை சுத்தம் செய்ய வேண்டிய 100 தடவையில் எத்தனை தடவை செய்தார்கள்?

வீட்டுக்குப் போன பிறகு சீழ் பிடித்தால் அது கணக்கில் வராமல் போய்விடும். ஆகவே 30-ம் நாள் நோயாளிக்கு டெலிபோன் செய்து கேட்க வேண்டும். தகடு, மூட்டு வைத்தவர்களுக்கு 90-ம் நாளும் கேட்க வேண்டும்.

இந்தக் கணக்கு எடுப்பது புதுக் காரியம் அல்ல. என்.ஏ.பி.எச். தரச் சான்று பெறும் ஆஸ்பத்திரிகள் தொற்றுக் கணக்கு வைத்தே ஆக வேண்டும். இந்தியாவில் 26 பெரிய ஆஸ்பத்திரிகள் ஒன்றுசேர்ந்து ஒரே முறையில் எண்ணி, 2022-ல் முடிவை வெளியிட்டிருக்கின்றன. பல இடங்களில் கணக்கு இருக்கிறது. அலமாரிக்குள் இருக்கிறது. அது வாசலுக்கு வர வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

"நாங்கள் கெட்டவர்களாகிவிடுவோம்!"

டாக்டர்கள் இதை மறுப்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

"முற்றிய நோயாளிகளை நாங்கள் சேர்த்துக்கொள்கிறோம். பக்கத்து ஆஸ்பத்திரி லேசான நோயாளிகளை மட்டும் சேர்க்கிறது. பலகையில் எங்கள் எண்தான் பெரிதாக இருக்கும். ஜனங்கள் எங்களைத் தவறாக நினைப்பார்கள். பிறகு நாங்களும் முற்றிய நோயாளியைத் திருப்பி அனுப்ப நேரும்" என்பார்கள்.

இது உண்மையான கவலை. ஆகவே ஓர் ஆஸ்பத்திரியை இன்னோர் ஆஸ்பத்திரியோடு ஒப்பிட வேண்டாம். சென்ற மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிடுங்கள். பிரசவ ஆபரேஷனைப் பிரசவ ஆபரேஷனோடு வையுங்கள். எலும்பை எலும்போடு வையுங்கள். தொழிற்சாலைப் பலகையும் பக்கத்துத் தொழிற்சாலையைப் பற்றிப் பேசுவது இல்லையே! தன் கதையைத்தான் சொல்கிறது.

"பொய்க் கணக்கு எழுதினால்?" என்று இன்னொருவர் கேட்பார். எழுதுவார்கள். சில பேர் எழுதத்தான் செய்வார்கள். அதற்காக எண்ணாமலே இருப்பதா? மருத்துவக் கல்லூரியில் இருந்து ஆண்டுக்கு ஒரு முறை ஆள் வந்து சோதிக்கட்டும். எந்நாளும் பூஜ்யம் என்று எழுதுகிற பலகையை முதலில் சோதிக்கட்டும்.

இங்கிலாந்தில் என்ன நடந்தது தெரியுமா? மருந்துக்கு அடங்காத ஒரு கிருமி ரத்தத்தில் தொற்றியதை, 2001 முதல் ஒவ்வோர் அரசு ஆஸ்பத்திரியும் கட்டாயமாக அறிவிக்க வேண்டும் என்றார்கள். எண்களைப் பகிரங்கமாக வெளியிட்டார்கள். பாதியாகக் குறைக்க வேண்டும் என்று குறியும் வைத்தார்கள். 2003-04-ல் சுமார் 7,700 பேருக்குத் தொற்று. 2012-13-ல் ஆயிரத்துக்கும் கீழே! பலகை மட்டும் இதைச் செய்துவிடவில்லை. கை மருந்தும், துப்புரவும், குழாய் பராமரிப்பும் செய்தன. ஆனால் எண் வெளியே தெரிந்ததால்தான் எல்லோருக்கும் அந்த வேலையில் அக்கறை பிறந்தது.

நாம் செய்ய வேண்டியது

டாக்டர்களை மட்டும் கேட்டுவிட்டு நாம் சும்மா இருக்கலாமா?

நோயாளியைப் பார்க்கப் போகும்போது ஊரையே கூட்டிக்கொண்டு போகாதீர்கள். கட்டிலில் உட்காராதீர்கள். உள்ளே போகும்போதும், வெளியே வரும்போதும் கையைச் சுத்தம் செய்யுங்கள். உங்களுக்குச் சளியோ காய்ச்சலோ இருந்தால் போகவே வேண்டாம்.

"ஊசி போட்டால்தான் குணமாகும். குளுக்கோஸ் ஏற்றினால்தான் தெம்பு வரும்" என்று டாக்டரை வற்புறுத்தாதீர்கள். தோலில் குத்தும் ஒவ்வொரு துளையும் கிருமிக்கு ஒரு வாசல்.

குப்பைத் தொட்டியின் நிறத்தைப் பாருங்கள். 2016-ம் ஆண்டு விதிப்படி, ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சளில். பிளாஸ்டிக் குழாய் சிவப்பில். ஊசி முனை வெள்ளைப் பெட்டியில். கண்ணாடி நீலத்தில். வாழைப்பழத் தோலை அதில் போடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஒரு கேள்வி. உங்கள் அம்மாவைத் தொடுவதற்கு முன் நர்சையோ, டாக்டரையோ பார்த்துப் பணிவாகக் கேளுங்கள்: "அம்மா, கை சுத்தம் செய்துவிட்டீர்களா?" "ஐயா, கை மருந்து போட்டுவிட்டீர்களா?"

இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நல்ல டாக்டர் கோபிக்கமாட்டார். கோபித்தாலும் பரவாயில்லை. 1847-லும் கோபித்தார்கள். ஆனால் தாய்மார்கள் பிழைத்தார்கள்.

அத்தைக்குப் பதில்

ஓசூரில் லாரி செய்கிறோம். கடிகாரம் செய்கிறோம். ஒரு திருகாணி சரியாக இல்லை என்றால் எந்திரத்தை நிறுத்திவிட்டு, ஏன் என்று கேட்கிறோம். அந்தப் பழக்கம் நம் கையில் ஊறி இருக்கிறது.

அதே கேள்வியை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும் மனிதனுக்காகவும் கேட்போம். தொழிற்சங்கங்கள் கேட்கட்டும். மகளிர் குழுக்கள் கேட்கட்டும். கிராம சபையில் எழுந்து நின்று கேட்கட்டும். இ.எஸ்.ஐ. அட்டை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் கேட்கட்டும்.

என் அத்தை இன்றும் எப்போதாவது அந்தக் கேள்வியைக் கேட்பார். "காய்ச்சல் எங்கிருந்துடா வந்தது?"

அந்தப் பதிலை ஆஸ்பத்திரி வாசலில், எல்லோருக்கும் தெரியும்படி, பெரிய எழுத்தில் எழுதி வைக்கும் நாள் வர வேண்டும். படிக்கத் தெரிந்தவர் படிக்கட்டும். படிக்கத் தெரியாதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் படித்துச் சொல்லட்டும்.